அஞ்சல்கார யோசுவாவுக்குக் கம்பு கிடைத்த விதம்

யோசுவா முப்பது வருடம் ஓடினார். யாரும் துரத்தவில்லை. திருவிதாங்கூர் அஞ்சல் துறை சம்பளம் கொடுத்து ஓடச் சொன்னது, அதனால் ஓடினார். காலையில் நெய்யாற்றின்கரையில் தபால் பையைத் தோளில் ஏற்றினால், ஆரியங்கோடு தாண்டி மலையடிவாரத்து ஆபீஸில் இறக்கும்வரை நிற்கக் கூடாது என்பது சட்டம். வலது கையில் ஒரு கம்பு, அதன் தலையில் மணிகள். மணிச்சத்தம் கேட்டால் மாட்டுவண்டிகள் ஒதுங்கும், சந்தைக்குப் போகிறவர்கள் கடவப்பெட்டியோடு ஓரமாக நிற்பார்கள். மாலையில் வீடு திரும்பும்போதும் அவர் கம்பைச் சும்மா பிடித்து வருவதில்லை. மனைவி சுகிர்தபாய்க்கு அந்தச் சத்தம்தான் கடிகாரம். மணி ஆற்றங்கரை வளைவில் கேட்டால் மீன்சட்டியை அடுப்பில் ஏற்றுவாள். வீட்டுக்கு முன்னால் உள்ள கலுங்குப் பாலத்தில் கேட்டால் கருவேப்பிலையைக் கிள்ளிப் போட்டு இறக்குவாள்.

ஐம்பத்தொன்றில் சமஸ்தானத்தின் சொந்த அஞ்சல் துறையை இந்தியத் தபாலோடு சேர்த்துவிட்டார்கள். யோசுவாவுக்கு அப்போது ஐம்பத்திரண்டு வயது. ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார்கள், கம்பை வாங்கினார்கள், பதிலுக்கு ஒரு நாற்காலியும் அரக்கும் மெழுகுவர்த்தியும் கொடுத்தார்கள். இனி பைகளுக்கு முத்திரை வைத்தால் போதும், ஓட வேண்டாம். கம்பை வாங்கிய அதிகாரி அதை மூலையில் ஒரு ஓட்டைக் குடையோடு சாய்த்து வைத்தார். அன்று யோசுவா வெறுங்கையோடு வீட்டுக்கு நடந்தார். வலது கைக்கு என்ன செய்வதென்றே தெரியவில்லை. சட்டைப் பித்தானைத் திருகுவதும் விடுவதுமாக வழி முழுக்க வந்தது. கலுங்கைத் தாண்டி முற்றத்தில் வந்து நின்றபிறகும் சுகிர்தபாய் மீன்சட்டியை ஏற்றியிருக்கவில்லை.

"எப்போ வந்திய? சத்தமே கேக்கல்லியே!" என்றாள்.

"இனி கேக்காது" என்றார் யோசுவா.

நாற்காலி ஒரு வருடத்தில் தன் வேலையைக் காட்டியது. முதலில் இடது கால்முட்டு இறுகியது, பிறகு வலது. உட்கார்ந்தால் எழும்ப மேசையைப் பிடிக்க வேண்டும். ஆராதனையில் சபை முழுக்க எழுந்து பாட்டு தொடங்கி இரண்டாம் சரணம் வரும்போதுதான் யோசுவா முழுதாக நிமிர்வார். நாட்டு மருந்து, ஆஸ்பத்திரி மருந்து, மருமகள் கொடுத்த நீல பாட்டில் தைலம் எல்லாம் பார்த்தாயிற்று. கடைசியில் பாறசாலைக்கும் அமரவிளைக்கும் நடுவில் தென்னந்தோப்புக்குள் களரி நடத்தும் தாணு ஆசானிடம் போனார். முறிவு, சுளுக்கு, வர்மம் எல்லாம் பார்ப்பார் என்று பெயர். ஆசானுக்கு முப்பத்துமூன்று வயதுதான். யோசுவா அவரை அரைஞாண் கயிறோடு ஓடித் திரிந்த காலத்திலிருந்தே பார்த்திருக்கிறார்.

ஆசான் இரண்டு கால்முட்டுகளையும் தட்டி, மடக்கி, காது வைத்துக் கேட்பவர்போலக் குனிந்து பார்த்தார்.

"யோசுவாண்ணே, இதுக்கு தீனம் ஒண்ணும் இல்ல. வேல இல்ல, அவ்வளவுதான். முப்பது வருஷம் ஓடின காலப் புடிச்சுக் கெட்டிப் போட்டா அது பின்ன என்ன செய்யும்? மொறச்சுக்கிட்டுக் கெடக்கு."

"மருந்து?"

"வெளுப்பினே அஞ்சரைக்கு வாருங்க. பயலுவளோட சேந்து ரெண்டு சுவடு வையுங்க."

சுவடு என்றால் களரியில் கால் வைத்து மாறும் அடிமுறை. யோசுவா சிரித்தார். ஆசான் சிரிக்கவில்லை. வெளியே, களரிக் கூரையின் குறுக்கு விட்டத்தில், எண்ணெய் பூசிய மூங்கில் கம்புகள் ஒரே நீளத்துக்கு இல்லாமல் வரிசையாகத் தொங்கின. யோசுவாவின் வலது கை பித்தானை விட்டுவிட்டது.

"அது ஆருக்க கம்பு ஆசானே?"

"ஒவ்வொண்ணும் ஒவ்வொருத்தனுக்க ஒயரத்துக்கு வெட்டினது. பன்னெண்டு சுவடும் நிக்காம வச்சுக் காட்டினாத்தான் கையில குடுப்பேன். அதுவரைக்கும் மேல தொங்கும். எனக்க அப்பன் காலத்துலேருந்து அப்பிடியாக்கும்."

மறுநாள் அஞ்சேகாலுக்கே யோசுவா வந்து நின்றார்.

வந்ததும் ஒரு சங்கடம். களரிக்குள் கால் வைப்பவன் தென்மேற்கு மூலை விளக்கை வணங்கி ஆசானின் காலைத் தொட வேண்டும். யோசுவா மிஷன் சபைக்காரர். விளக்கு அவருக்கு ஆகாது. காலோ, தன்னைவிட இருபது வயது இளையவனின் கால். யோசுவா வாசலிலேயே நின்று துண்டை முறுக்கிக்கொண்டிருந்தார். ஆசான் பார்த்துவிட்டு, "அண்ணே, மண்ணத் தொட்டுட்டு உள்ள வாங்க, போதும். வெளக்கு எனக்க பாடு" என்றார். யோசுவா மண்ணைத் தொட்டார். பிறகு என்ன தோன்றியதோ, ஆசானின் காலையும் தொட்டார். ஆசான் ஒரு முழம் பின்னால் போனார்.

உள்ளே பதினோரு பேர் இருந்தார்கள், எல்லாரும் இருபதும் இருபத்தைந்துமாக. விஜயதாஸ் என்று ஒருவன், சைக்கிள் கடை வைத்திருப்பவன், நின்ற இடத்திலிருந்தே எம்பித் தன் தலைக்குமேல் தொங்கும் தென்னங்கீற்றைக் காலால் உதைப்பான். ஆரியங்கோட்டிலிருந்து வரும் கிருஷ்ணன்குட்டி மரம் அறுப்பவன். கைகள் ஒவ்வொன்றும் ஒரு பலகை. "அஞ்சல் பாட்டா, பை எங்க?" என்றான் விஜயதாஸ். "பாட்டாவ ரெஜிஸ்டர் பண்ணியா அனுப்பியிருக்கு?" என்றான் இன்னொருவன். யோசுவா துண்டை மடித்து வைத்துவிட்டு வரிசையின் கடைசியில் போய் நின்றார். முப்பது வருடம் வழியில் கேட்ட கேலிகளோடு பார்த்தால் இது தபால்வில்லை ஒட்டாத கேலி.

ஆசான் யோசுவாவுக்கென்று தனியாக ஒரு முறை வகுத்தார். எந்தச் சுவடுக்கும் முன்னால் களரியைச் சுற்றி நடக்க வேண்டும். நெற்றியில் வேர்வை பொடிக்கும்வரை நடை, அதற்கு மேல் இல்லை. முட்டுக்கு வெதுவெதுப்பான எண்ணெய். பயல்கள் நூறு வைத்தால் இவர் முப்பது, ஆனால் முப்பதும் பிழையில்லாமல். காலை இடுப்புக்குமேல் தூக்கக் கூடாது.

"அவன் தலைக்கு மேல தூக்கியானே" என்று விஜயதாஸைக் காட்டினார் யோசுவா.

"எதிராளிக்கு முட்டு தலையிலயா இருக்கு? கீழதான் இருக்கு. நீங்க கீழயே ஒதைங்க. அவன் தென்ன மரத்தோட சண்டைக்குப் போறவன், விடுங்க."

வலிக்கும் ஒரு கணக்கு சொன்னார். காலையில் வந்த வலி மத்தியானக் கஞ்சிக்குள் போய்விட்டால் அது விருந்தாளி. மறுநாள் காலையிலும் வீட்டுக்குள் உட்கார்ந்திருந்தால் அது களரியில் செய்த ஏதோ ஒரு தவறு, வந்து சொல்ல வேண்டும். ஞாயிறு சபைக்குப் போக லீவு, புதனும் லீவு. "புதனாச்ச என்ன விசேஷம்?" என்று யோசுவா கேட்டார். "ஒண்ணும் இல்ல. காலுக்கு ஞாயிறு" என்றார் ஆசான்.

நான்காம் மாதம் யோசுவா மேசையைப் பிடிக்காமல் எழுந்தார். ஐந்தாம் மாதம் முதல் சரணத்திலேயே நிமிர்ந்து பாடினார்; சபையில் முன்வரிசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஆறாம் மாதம் ஆசான் ஒரு மூங்கிலை அவர் பக்கத்தில் நிறுத்தி, புருவம்வரை அளந்து வெட்டி, எண்ணெய் பூசி, மேலே தொங்கவிட்டார். யோசுவா நெட்டை மனிதர். விட்டத்தில் தொங்கியவற்றில் அதுதான் நீளம். தினமும் உள்ளே நுழையும்போது மண்ணைத் தொட்டு நிமிர்ந்ததும் அவர் கண் முதலில் அங்கேதான் போகும்.

பன்னிரண்டு சுவடில் பதினொன்றும் ஒன்றரை வருடத்தில் படிந்தன. வாய்த்தாரியும் படிந்தது. ஒவ்வொரு அசைவுக்கும் ஆசான் உரக்கச் சொல்லும் கட்டளைக்குத்தான் அந்தப் பெயர். "வலம் வைத்து இடம் மாறி அமர்" என்று காதில் விழுந்தால் கால் தானே போக வேண்டும். பன்னிரண்டும் வைத்துக் காட்டுகிற நாளில் மட்டும் ஆசான் வாய் திறக்க மாட்டார். மாணவன் தன் வாய்த்தாரியைத் தானே சொல்லிக்கொண்டு வைக்க வேண்டும். பன்னிரண்டாவதுதான் இடித்தது. அது சாட்டம். ஓடிவந்து துள்ளி, காற்றிலேயே திரும்பி, பின்பக்கம் பார்த்து இறங்க வேண்டும்.

"அண்ணன் இத இப்போ பாக்கண்டாம்" என்றிருந்தார் ஆசான்.

ஒருநாள் ஆசான் சற்று விலகி, யாருக்கோ முறிந்த கைக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். விஜயதாஸ் துள்ளித் திரும்பி இறங்கிவிட்டு, "பாட்டாவுக்கு பதினொண்ணு மதி, போதும். பன்னெண்டாவது பார்சல்ல வரும்" என்றான். கிருஷ்ணன்குட்டி, "விடடே, பாவம்" என்றான். கேலிகூட யோசுவாவை ஒன்றும் செய்திருக்காது. அந்தப் 'பாவம்'தான் செய்தது. அவர் நாலடி ஓடினார், துள்ளினார், காற்றில் அரைத் திருப்பம்வரை எல்லாம் நன்றாகவே இருந்தது. இறங்கும்போது இடது முட்டுக்குள் காய்ந்த ஓலை முறிகிற சத்தம்.

வீட்டில் போஸ்டாபீஸ் படியில் வழுக்கியதாகச் சொன்னார். சுகிர்தபாய் துண்டை உதறிப் பார்த்தாள். களரியின் செம்மண் கொட்டியது. "ஒங்க போஸ்டாபீஸ்ல மண்தரையா போட்டிருக்கு?" என்றாள். மாலை ஆசான் எண்ணெயோடு வந்தபோது வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

"ஒரு கெழவனச் சாட வச்சிருக்கியளே ஆசானே, அடுக்குமா இது?"

"அக்கா, நான் எங்க சாட வச்சேன்? அவருக்க உள்ள ஒரு இருவது வயசுக்காரன் ஒளிஞ்சிருக்கான், அவனாக்கும் சாடினது. அவனத்தான் நான் தேடிட்டு வாறேன். கையில கிட்டினா ரெண்டு குடுக்கணும்."

சுகிர்தபாய் சிரித்துவிட்டாள். சிரித்ததற்காக யோசுவாமேல் இன்னும் கோபப்பட்டாள்.

ஆறு வாரம் கிடந்தார். திரும்பிப் போன அன்று ஆசான் அவருக்கென்று பன்னிரண்டாவதை மாற்றிக் காட்டினார்: துள்ளுவதற்குப் பதில், ஓட்டத்திலேயே தாழ அமர்ந்து, குதிகாலில் சுழன்று, எழுந்து நிற்பது.

"எனக்குத் தனியா ஒரு மொற வேண்டாம் ஆசானே. மத்தவனுவளுக்கு எப்பிடியோ அப்பிடித்தான் எனக்கும். கெழவன்னு எரக்கப்பட்டுக் குடுத்த கம்புன்னு நாளைக்கு ஒருத்தன் சொல்லப்பிடாது."

"எரக்கமா? சாட்டம் எதுக்கு அண்ணே? பொறத்த நிக்கியவனப் பாக்கதுக்கு. நீங்க அமந்து திரும்பினாலும் அவன் அங்கதானே நிப்பான், காப்பி குடிக்கவா போவான்?"

யோசுவா துண்டை இடுப்பில் இறுக்கிக் கட்டினார். அமர்ந்து திரும்புவதைப் பழகினார், ஆனால் மனசு ஒட்டாமல். எல்லாரும் போனபிறகு சாட்டத்தின் ஓட்டத்தை மட்டும் ஓடிப் பார்த்து, துள்ள வேண்டிய இடத்தில் வந்து நின்றுவிடுவார். மழை தொடங்கினால் களரி அடைத்துவிடுவார்கள். அதற்கு முந்தின சனிக்கிழமை அவருடைய பன்னிரண்டு சுவடு என்று ஆசான் நாள் குறித்திருந்தார்.

அந்த வருடம்தான் எல்லைப் போராட்டம் உச்சத்தில் இருந்தது. தெற்குத் தாலுகாக்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்க வேண்டும் என்று ஒரு பக்கம், ஒரு பிடி மண்ணும் கொடுக்க முடியாது என்று இன்னொரு பக்கம். நெய்யாற்றின்கரை எந்தப் பக்கம் என்று டீக்கடையில் கேட்டால் கிளாஸ்கள் மேசையில் ஓங்கி வைக்கப்படும். ஊர்வலம், மறியல், தடியடி. அடிபட்டவர்களும் ஜெயிலுக்குப் போனவர்களும் எல்லா ஊரிலும் உண்டு. விஜயதாஸ் ஒரு ஊர்வலத்தில் கொடி பிடித்தான். கிருஷ்ணன்குட்டி எதிர்ப்பக்கத்து ஊர்வலத்தில் கோஷம் போட்டான். மறுநாள் வெளுப்பினே இரண்டு பேரும் ஒரே தேங்காய்ச் சிரட்டையிலிருந்து எண்ணெய் எடுத்துப் பூசிக்கொண்டார்கள். "நேற்று நல்ல சத்தம் போட்டியேடே, தொண்டை உண்டா?" என்று கேட்டபடி ஒருவன் முதுகில் மற்றவன் தேய்த்தான்.

சனிக்கிழமைக்கு எட்டு நாள் இருக்கும்போது ஏட்டு பொன்னப்பன் வந்தார். காட்டாக்கடைப் பக்கத்துக்காரர், ஐம்பதை நெருங்குபவர், வயிற்றுக்குமேல் பெல்ட்டைக் கட்டுவதா கீழே கட்டுவதா என்று தினமும் ஒருமுறை முடிவெடுக்க வேண்டியவர். பின்னால் ஒரு கான்ஸ்டபிள். தோப்புக்கு வெளியே நின்று சற்று நேரம் காது கொடுத்துக் கேட்டுவிட்டு உள்ளே வந்தார்.

"எந்தரடே இது? பரேடா?"

"களரியாக்கும் ஏட்டையா" என்றார் ஆசான்.

"களரின்னு எனக்கும் தெரியும். கமாண்டு முழுக்கத் தமிழ்லல்லியோ போவுது? வாலண்டியர் படை கூட்டுதுன்னு மேல ரிப்போர்ட் போயிருக்கு."

"வாய்த்தாரி எப்பவும் தமிழ்தானே. எனக்க அப்பன் சொன்னத நான் சொல்லுதேன்."

"அதொக்க எனக்கறியாம். ஆனா மேல உள்ளவனுக்குத் தெரியாதே. ஒண்ணு செய்யணும். கம்பு வச்சிருக்கப்பிடாதுன்னு உத்தரவு, அது நான் கொண்டு போறேன். இனி கமாண்டு மலையாளத்தில சொல்லு. அடுத்த சனியாழ்ச்ச வந்து பார்ப்பேன். சரியாட்டு இல்லன்னா அடச்சுப் பூட்ட வேண்டியதுதான்."

கான்ஸ்டபிள் விட்டத்திலிருந்து கம்புகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தார். எல்லாவற்றிலும் நீளமானது கடைசியில் வந்தது. "அது இன்னும் ஆருக்கும் குடுக்கல்ல" என்றார் யோசுவா, அவருக்கே கேட்காத குரலில். கான்ஸ்டபிள் கட்டோடு சேர்த்துக் கயிற்றை இறுக்கினார்.

கவர்மென்ட்டு ரெண்டாவது தடவை என் கம்பைக் கொண்டு போகிறது என்று யோசுவா நினைத்தார். முதல் தடவை கையெழுத்தாவது கேட்டார்கள்.

அந்த எட்டு நாளும் களரியில் நடந்ததைப் பார்த்தால் ஏட்டே இரக்கப்பட்டிருப்பார். ஆசான் ராத்திரி உட்கார்ந்து வாய்த்தாரியை மலையாளத்தில் எழுதிப் படித்துக்கொண்டு வந்தார். "வலது கால் முன்னோட்டு வெச்சு, இடத்தோட்டு மாறி, தாழ்ந்நு இரிக்கூ" என்றார். ஒரு கால்கூட அசையவில்லை. பன்னிரண்டு பேரும் வார்த்தையைக் காதில் வாங்கி, தலைக்குள் திருப்பி, பிறகு காலுக்கு அனுப்பினார்கள். அது போய்ச் சேருவதற்குள் ஆசான் அடுத்ததைச் சொல்லிவிட்டார். விஜயதாஸ் இடத்துக்குப் போக, கிருஷ்ணன்குட்டி வலத்துக்கு வர, இருவர் நெற்றியும் தேங்காய்போல மோதின.

"எலே, நீ மலையாளக்காரன்தானே! ஒனக்குமா புரியல்ல?" என்று தலையைத் தடவினான் விஜயதாஸ்.

"எனக்குப் புரியுது. எனக்க காலுக்கு மலையாளம் அறியாமோ? அது தமிழ்லல்லியோ படிச்சது!" என்றான் கிருஷ்ணன்குட்டி.

சனிக்கிழமை மேகம் கட்டியிருந்தது. ஏட்டு வந்து பூட்ஸைக் கழற்றிவிட்டு, தோப்போரம் கிடந்த தென்னந்தடியில் உட்கார்ந்தார். மடியில் ஒரு பூட்டு இருந்தது, புதுசு. ஆசான் மலையாளத்தில் தொடங்கினார். மூன்றாவது கட்டளையில் வரிசை கலைந்தது, ஐந்தாவதில் ஒருவன் தடுமாறி வேலியில் போய் விழுந்தான். ஏட்டு மோவாயைச் சொறிந்தார்.

"வேற ஒண்ணும் இல்லியாடே?"

ஆசான் யோசுவாவைப் பார்த்தார். "இந்தண்ணனுக்கு இன்னைக்குப் பன்னெண்டு சுவடு. குறிச்ச நாளு. அது மட்டும் முடிச்சுக்கிடட்டும்."

"இந்த அண்ணனா? ஆவட்டு, நடக்கட்டும்."

ஆசான் யோசுவாவின் காதருகே வந்து, "வாய்த்தாரி மனசுக்குள்ள சொன்னா மதி. சத்தம் வேண்டாம்" என்றார்.

யோசுவா மண்ணைத் தொட்டார். மேலே பார்த்தார்; வெறும் விட்டம். கொடுப்பதற்குக் கம்பே இல்லாத களரியில் எதற்காகச் சுவடு வைப்பது என்று ஒரு கணம் தோன்றியது. ஆனால் நெற்றியில் வேர்வை பொடித்திருந்தது, முட்டு வெதுவெதுவென்று இருந்தது, கால் தயாராகிவிட்டது. முதல் சுவடை வாய் மூடி வைத்தார். இரண்டாவது, மூன்றாவது. முப்பது வருடம் "வழி, வழி" என்று கத்திக்கொண்டே ஓடியவர். மூச்சு ஏறினால் குரலும் கூட வரும். தடுத்து வைக்க அவருக்குப் பழக்கமில்லை. நான்காவதில் அது வெளியே வந்துவிட்டது.

"வலம் வைத்து இடம் மாறி அமர்!"

தோப்பு முழுக்கக் கேட்டது. ஆசான் கண்ணை மூடிக்கொண்டார். யோசுவாவுக்கும் தெரிந்தது, ஆனால் இனி நிறுத்தினால் பன்னிரண்டும் போய்விடும். "எழுந்து நேர் வைத்துத் தட்டு!" என்று ஐந்தாவதையும் சொன்னார்.

அப்போதுதான் விஜயதாஸ் கிருஷ்ணன்குட்டியை இடித்தான். தென்னந்தடியில் ஏட்டின் இடது கால் தானாகப் பின்னால் போயிருந்தது. ஏட்டின் முகத்தைப் பார்த்தால் அவருக்கு அது தெரிந்ததாகவே இல்லை. ஆறாவதில் எழுந்து நின்றார். ஏழாவதில் மடியிலிருந்த பூட்டு மண்ணில் விழுந்தது, எடுக்கவில்லை. எட்டாவதில் யோசுவா வடக்கே திரும்பினால் அவரும் வடக்கே திரும்பினார். சிறு வயதில் காட்டாக்கடையில் ஏதோ ஒரு களரியில், ஏதோ ஒரு ஆசான் இதே வார்த்தைகளை அந்தக் காலுக்குள் போட்டு வைத்திருக்கிறார். காக்கி நிஜாரும் வயிறும் பெல்ட்டுமாக ஏட்டு பொன்னப்பன் தோப்போரத்தில் தனியாகச் சுவடு வைத்துக்கொண்டிருந்தார். முகத்தில் ஒரு பள்ளிக்கூடத்துப் பையனின் சிரிப்பு.

பதினொன்று முடிந்தது. யோசுவா ஓட்டம் எடுத்தார். எல்லாரும் பார்க்கிறார்கள், விஜயதாஸும் பார்க்கிறான், மூச்சு நன்றாக இருக்கிறது, கால் நெருப்பாக இருக்கிறது. உள்ளே அந்த இருபது வயதுக்காரன் எழுந்து நின்று, "சாடு" என்றான். நாலாவது அடியில் யோசுவா அவனைத் தோளைப் பிடித்து உட்கார வைத்தார்.

"அமர்ந்து திரும்பு!"

தாழ அமர்ந்தார், குதிகாலில் சுழன்றார், எழுந்தார். எண்ணெய் போட்ட கதவு திறந்து மூடியதுபோல இருந்தது. பின்னால் நிற்க வேண்டிய எதிராளிக்கு நேராக முகம், நெஞ்சுக்கு முன்னால் கைகள்.

ஆனால் அந்த இடத்தில் எதிராளிக்குப் பதிலாக ஏட்டு இருந்தார், காற்றில். அவருடைய களரியில் பன்னிரண்டாவது சாட்டம்தான்; காலுக்கு அதுதான் தெரியும். நிஜமாகவே நன்றாக எழும்பினார், இரண்டடி இருக்கும். காற்றில் திரும்பியும் விட்டார். இறங்கியதுதான் உட்கார்ந்த நிலையில்.

"என்றம்மோ!"

யாரும் சிரிக்கவில்லை. சிரிக்காமல் இருக்க ஒவ்வொருவரும் பட்ட பாடு தனிக்கதை. கிருஷ்ணன்குட்டி துண்டை வாயில் திணித்துக்கொண்டு தென்னை மரத்துக்குப் பின்னால் போனான். ஆசான் ஓடிப்போய் ஏட்டின் கால்முட்டைப் பிடித்துப் பார்த்தார்.

"முறியல்ல. நீரு வீக்கம் மட்டும்தான். ஆறு வாரம் எண்ணெ போடணும்."

"ஆறு வாரம்தான்" என்றார் யோசுவா. "எனக்கு நல்லாட்டுத் தெரியும்."

ஏட்டு பல்லைக் கடித்துக்கொண்டு யோசுவாவைப் பார்த்தார். "நிங்கள் எந்தா சாடாத்தது? பன்னெண்டாவது சாட்டமல்லே?"

"எனக்கு அம்பத்தஞ்சு வயசு ஏட்டையா. பொறத்த நிக்கியவன் அங்கதான் நிப்பான், காப்பி குடிக்கப் போவமாட்டான்." ஆசானின் வாக்கியத்தைச் சொல்லிவிட்டுத்தான் அது இப்போது தனக்கும் சொந்தமாகிவிட்டது என்பதை யோசுவா கவனித்தார்.

எழுந்து நிற்க ஏட்டுக்கு ஊன்ற ஏதாவது வேண்டும். ஆசான் சுற்றிலும் பார்த்தார். விட்டத்தில் ஒன்றும் இல்லை. மூலையில் ஒன்றும் இல்லை. ஒரு களரி முழுக்கத் தேடியும் ஒரு கம்பு இல்லை.

"கம்பு ஒண்ணும் இல்ல ஏட்டையா" என்றான் விஜயதாஸ் பயபக்தியோடு. "எல்லாம் ஸ்டேஷன்ல உண்டு."

ஏட்டு அவனை ஒரு பார்வை பார்த்தார். பிறகு தலை குனிந்தார், தோள் குலுங்கியது. வலியில் என்று எல்லாரும் நினைத்தார்கள். பார்த்தால் சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணைத் துடைத்துவிட்டுக் கான்ஸ்டபிளைக் கூப்பிட்டார்.

"சைக்கிள எடுத்துட்டுப் போயி அந்தக் கெட்டிலேருந்து ரெண்டு கம்பு உருவிட்டு வா. ஒண்ணு எனக்கு. மற்றது அந்த நீளமுள்ளது, இந்த அண்ணனுக்கு. உத்தரவில ஊன்றுகோலுக்குத் தடை ஒண்ணும் இல்ல."

"மத்த கம்பு?" என்றான் கிருஷ்ணன்குட்டி மரத்துக்குப் பின்னாலிருந்து.

"அது உத்தரவு மாறட்டும், தருவேன். நீ ஒருத்தன் காலொடிஞ்சு வா, ஒனக்கும் ஒண்ணு தருவேன்."

மலையாள வாய்த்தாரியைப் பற்றி யாரும் பேச்செடுக்கவில்லை. கான்ஸ்டபிள் போய்விட்டதும் ஏட்டுதான் எண்ணெய் தேய்க்கக் காலை நீட்டியபடி மெதுவாகச் சொன்னார்: "அத விட்டுரு ஆசானே. மலையாளத்தில சொன்னா எனக்கும் வராது. நான் வந்தப்போ நீ வாய்பேசாமத்தான் நடத்திட்டு இருந்தே. அப்படித்தான் நான் எழுதுவேன்." மண்ணில் கிடந்த பூட்டைக் கிருஷ்ணன்குட்டி எடுத்துத் துடைத்துக் கொடுத்தான். அதைப் பிறகு ஆசான் வீட்டுக் கோழிக்கூட்டில் பார்த்தவர்கள் உண்டு.

கம்பு வந்தது. ஆசான் அதை இரண்டு கையிலும் ஏந்தி, கிழக்கே பார்த்து நின்று, யோசுவாவுக்குக் கொடுத்தார். யோசுவாவின் வலது கை அதை வாங்கியது. அடியைத் தரையில் ஊன்றித் தலையைப் பார்த்தார். புருவத்துக்குச் சரியாக இருந்தது. "ஊன்றுகோல்னா இடுப்பு வரைக்கும்தானே இருக்கும்?" என்று கான்ஸ்டபிள் முணுமுணுத்தார். "நெட்டை மனுஷன்லியோ, விடு" என்றார் ஏட்டு.

இதனால் யோசுவாவுக்கு ஒரு புதுத் தொல்லை வந்தது. ஊரில் கம்போடு நடக்க அனுமதி அவருக்கும் ஏட்டுக்கும் மட்டும். ஆனால் ஊன்றுகோல் என்றால் நொண்ட வேண்டும். இரண்டு வருடம் பாடுபட்டு நொண்டாமல் நடக்கப் படித்தவர், சந்தியில் போலீஸ் வண்டி நின்றால் நொண்டினார். விஜயதாஸ் கடை வாசலில் நின்று, "பாட்டா, இன்னும் கொஞ்சம் கூனணும்" என்று பயிற்சி கொடுத்தான். அவனுக்கு மட்டும் கம்பைத் தொட்டுப் பார்க்க யோசுவா அனுமதி கொடுத்திருந்தார்.

ஆறு வாரம் கழித்து, மழை விட்ட ஒரு மாலை. யோசுவா வேலை முடிந்து அமரவிளைச் சந்தியைக் கடக்கும்போது கடை ஓரம் ஏட்டு நின்றிருந்தார், கம்பில் சாய்ந்து, சாயா குடித்துக்கொண்டு. முட்டு பரவாயில்லை, களரி திறந்ததும் புதன், ஞாயிறு தவிர மற்ற நாள் வருவதாக ஆசானிடம் சொல்லியிருந்தார், மப்டியில்.

"யோசுவாண்ணா! நேற்று இடது காலுதானே நொண்டினது? இன்னைக்கு என்ன வலது?"

யோசுவா நின்று தன் கால்களைக் குனிந்து பார்த்தார்.

"ஒரே காலயே நொண்டிட்டிருந்தா மத்தக் காலு மொறச்சுக்கிடும் ஏட்டையா. மாத்தி மாத்தித்தான் வேல குடுக்கணும்."

சாயா ஏட்டின் மூக்கில் ஏறியது. யோசுவா இரண்டு காலையும் நேராக வைத்து நடந்தார். ஆற்றங்கரை வளைவில் யாரும் இல்லை. அங்கே கொஞ்சம் ஓடியும் பார்த்தார், முப்பது அடி, அதற்கு மேல் இல்லை. வீட்டுக்கு முன்னால் உள்ள கலுங்கின் கருங்கல்லில் கம்பை இரண்டு முறை தட்டினார்.

உள்ளே சுகிர்தபாய் கருவேப்பிலையைக் கிள்ளிச் சட்டியில் போட்டாள்.